எந்தக் காலத்துக்கு முந்தியது?

அன்புள்ள ஐயா,

யாழ்ப்பாணத்து மானிப்பாய் மருத்துவர் சாமுவேல் கிறீன் பற்றிய உங்கள் கட்டுரையைப் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். அதில் அவரைத் ‘தன் காலத்துக்கு முந்திய மருத்துவர்’ என்று எழுதியிருந்தீர்கள். “அப்ப கிறீன் பிறக்க முதலே இருந்தவரா, அம்மம்மா?” என்று கேட்டாள். ஆங்கிலத்தில் ‘அஹெட் ஒவ் இட்ஸ் டைம்’ என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று விளங்கப்படுத்தினேன். பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சோழர் காலத்துக்கு முந்திய கோயில் என்றால் பழைய கோயில். தன் காலத்துக்கு முந்திய என்றால் மட்டும் எப்படிப் புதுமையாகும்? எங்கள் பழைய குளங்களில் நீரைத் திறந்துவிடும் அமைப்பான பிசோகொட்டுவ பற்றி அவள் எழுதிய பாடசாலைக் கட்டுரையிலும் இதே சொற்றொடர் இருக்கிறது. எப்படி மாற்றச் சொல்லட்டும்?

ஓய்வுபெற்ற ஆசிரியை, தெஹிவளை

அன்புள்ள ரீச்சர்,

பேத்தி கேட்டது சரி. பிழை என்னுடையது.

‘கு’ உருபை அடுத்து ‘முந்திய’ வந்தால் தமிழில் பழமைதான் பொருள்: சுதந்திரத்துக்கு முந்திய கொழும்பு, போருக்கு முந்திய யாழ்ப்பாணம். ‘ஐ’ வந்தால் ஓட்டம்: காலி வீதியில் 101ஆம் இலக்க பஸ்ஸை முந்திய ஓட்டோ. ஆகவே ‘காலத்தை முந்திய’ என்று எழுதினால் இலக்கணம் தடுக்காது. பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். உங்கள் கடிதம் வந்த பிறகு யோசித்துப் பார்த்ததில், எனக்கு அதுவும் மனசுக்கு ஒப்பவில்லை.

அந்த ஆங்கிலத் தொடரில் காலம் ஒரு வீதியில் போகிறது, ஒருவர் அதைத் தாண்டி முன்னே போய்விடுகிறார். எங்கள் பேச்சில் காலம் கனியும், பருவம் வரும், மழை பருவம் தப்பும். உண்மையிலேயே வேளைக்கு முன் வந்துவிட்ட ஒன்றைச் சொல்ல இந்த வழக்கு போதும். லண்டனில் சார்ள்ஸ் பபேஜ் 1830களில் ஒரு பொதுக் கணிப்பொறியை வடிவமைத்தார். எண்களைச் சேமிக்க ஒரு பகுதி, கணக்குச் செய்ய ஒரு பகுதி, கட்டளைகளுக்குத் துளையிட்ட அட்டைகள். அதைக் கட்டி முடிக்காமலே 1871 இல் இறந்துபோனார். அந்த மாதிரிப் பொறிகள் 1940களில்தான் இயங்கின. காலம் கனிய முன்னர் வந்த யோசனை என்று இதை எழுதினால் உங்கள் பேத்திக்கு உடனே விளங்கும்.

பிசோகொட்டுவவை அப்படிச் சொல்ல முடியாது. அணைக்கட்டுக்குள் கட்டிய சதுரக் கிணறு போன்ற அமைப்பு அது. குளத்து நீரின் அழுத்தத்தைத் தணித்து, வெளியேறும் நீரைக் கட்டுப்படுத்தும். இங்கே நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்த ஹென்றி பாக்கர் அதை ஆராய்ந்து, ஐரோப்பாவில் பிற்காலத்தில் வந்த வால்வுக் கிணறுகளோடு ஒப்பிட்டார். அவர் அங்கிருந்து வந்தவர், அந்த ஒப்பீடு அவருக்கு இயல்பு. நாங்களும் ஐரோப்பாவின் மணிக்கூட்டைப் பார்த்தே முந்தியது என்று சொன்னால், இந்தக் குளங்கள் என்னவோ வேளைக்கே வந்து ஐரோப்பாவுக்காகக் காத்திருந்தது போலாகிவிடும். அந்தக் குளங்கள் உள்ள ரஜரட்டையில் நெல்லுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது, அதற்காகக் கட்டினார்கள், தண்ணீர் பாய்ந்தது. அவற்றின் காலம் அதுதான்.

அப்படியென்றால் எங்கள் வியப்பை எங்கே வைப்பது? வீட்டுப் பேச்சிலேயே அதற்கு வழி இருக்கிறது. “அந்தக் காலத்திலேயே ஆச்சி சைக்கிள் ஓடினவ.” “அப்பவே அப்பா சொன்னவர்.” வியப்பு முழுவதையும் அந்த ஒற்றை ஏகாரம் சுமக்கிறது. தொல்காப்பியர் சொல்லும் ஏகாரப் பொருள்கள் ஐந்தில் தேற்றமும் (உறுதிப்படுத்தல்) பிரிநிலையும் (ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டல்) உண்டு. ‘அப்பவே’ என்னும்போது எனக்கு இரண்டும் சேர்ந்து கேட்கிறது. இன்னொரு நன்மை, ஏகாரம் தனியே நிற்காது. எந்த ஆண்டிலே, எந்த ஊரிலே, என்ன செய்தார் என்று ஏதாவது ஒன்றைப் பற்றித்தான் நிற்கும். எழுதுகிறவர் அந்த விபரத்தைத் தேடித்தான் ஆகவேண்டும்.

கிறீன் விடயத்தில் நான் அப்படித் தேடியிருக்க வேண்டும். 1847 இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் படிப்பித்தார். படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியே போனார்கள். கிராமத்தில் தங்கும் வைத்தியர்கள் வேண்டுமென்று 1860களில் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவம் என்று நூல் நூலாகத் தமிழில் கொண்டுவந்தார். இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயர். 1873 இல் அமெரிக்காவுக்குத் திரும்பிய பிறகும் அந்தத் தமிழ் வேலையை அவர் விடவில்லை.

இதில் எது காலத்தை முந்தியது? நோயாளி பேசியது தமிழ், மாணவன் பேசியதும் தமிழ். தேவை அன்றைக்கே வாசலில் நின்றது. 1870 இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. வேலையும் மதிப்பும் அந்த மொழியோடு போயின. அது மனிதர்கள் எடுத்த முடிவு. காலம் தயாராக இருக்கவில்லை என்று நான் எழுதிவிட்டால், அந்த முடிவைப் பற்றி யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் மருத்துவ பீடத்துக்குள் போனதும் ஆங்கிலத்துக்கு மாறவேண்டியிருக்கும் ஊரில் இருந்துகொண்டு, அந்தக் கேள்வியை நானே மூடிவிட்டேனே என்பதுதான் என் வருத்தம்.

பேத்தி தன் கட்டுரையில் அந்தச் சொற்றொடரை எடுத்துவிட்டு, பிசோகொட்டுவ என்ன வேலை செய்தது என்று இரண்டு வரி கூட எழுதட்டும். என் கட்டுரையில் அந்த வரியை இன்று காலை மாற்றினேன். இப்போது இப்படி இருக்கிறது: ‘1860களிலேயே, மானிப்பாயிலே, கிறீன் தமிழிலே மருத்துவம் படிப்பித்தார்.’ மூன்று ஏகாரம் கூடிப்போயிற்று என்று நினைத்தால் அவளிடம் கேட்டு எழுதுங்கள்.