முதல் புத்தகம் எழுதத் தொழில்முறை உதவி பெறலாமா? அதற்குப் பணம் கொடுப்பது இழுக்கா?

இந்தக் கேள்வியைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. நீங்கள் 'இழுக்கா' என்று கேட்டிருப்பதைப் பார்த்தால், உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ யாரோ ஒருவர் ஏற்கெனவே 'காசு கொடுத்து எழுதி வாங்கப் போகிறாயா' என்று கேட்டிருப்பார் என்றே தோன்றுகிறது. என்னிடமும் கேட்டார்கள். கேட்டவர் என் சொந்தச் சித்தப்பா. கேட்ட இடம், குடியாத்தத்தில் என் புத்தக வெளியீடு நடந்த மண்டபம்.

நான் பேரணாம்பட்டில் பிறந்து, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் அப்பா அதே தொழிலில் தொட்டிக்குள் இறங்கி உழைத்தவர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகள் போய், குரோமிய உப்பு சுழலும் டிரம்கள் வந்த மாற்றத்தை அவர் தம் கைகளாலும் நுரையீரலாலும் அறிந்தவர். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்து, இரண்டரை ஆண்டுகளில் 400 பக்கங்களுக்கு மேல் எழுதிவிட்டேன். எழுதியது இன்னும் புத்தகமாகவில்லை என்பது எனக்கே தெரிந்தது. ஏன் ஆகவில்லை என்பதுதான் தெரியவில்லை.

முதலில் தவறான இடத்துக்குப் போனேன். 'நாங்களே எழுதி, அச்சிட்டு, வெளியிட்டுத் தருகிறோம்' என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்துக்கு 45,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். மூன்று மாதம் கழித்து இரண்டு அத்தியாயங்கள் வந்தன. என் அப்பா 'லாரி வந்துகினு கீது, சீக்கிரம் எட்த்து வைங்கடா' என்று கூவியது, 'சரக்குந்து வந்துகொண்டிருக்கிறது, விரைவாக எடுத்து வையுங்கள்' என்று மாறியிருந்தது. குரோமியத்தில் பதனிட்ட ஈரத் தோலை எங்கள் பக்கத்தில் கூலியாள் முதல் ஏற்றுமதியாளர் வரை எல்லோரும் 'வெட் புளூ' என்றே சொல்வார்கள். அது 'ஈர நீலம்' ஆகியிருந்தது. பாலாறு பக்கத்துக்குப் பக்கம் தாயின் மடியாக வர்ணிக்கப்பட்டிருந்தது; எங்கள் தெருக் கிணறு குடிக்க முடியாமல் போனதைப் பற்றி நான் எழுதிய நான்கு பக்கங்களைக் காணவில்லை. அந்த அத்தியாயங்களைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அப்பாவின் வாயை யாரோ பொத்திவிட்டதைப் போலிருந்தது.

அதற்குப் பிறகுதான் ஒப்பந்தத்தை ஒழுங்காகப் படித்தேன். படைப்பின் எல்லா உரிமைகளும் நிறுவனத்துக்கே என்று ஒரு வரி இருந்தது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அடையாளமாகத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணை வாங்கித் தருவதற்கு 4,000 ரூபாய் என்று இன்னொரு வரி இருந்தது. அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணம் எதுவும் இல்லாமல் வழங்குகிறது. எழுதியவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். உரிமை பற்றியும் நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாக எழுதியவரே முதல் உரிமையாளர். ஆகவே உங்கள் ஊழியராக இல்லாத ஒருவர் கூலிக்கு எழுதிக் கொடுத்தால், அவர் எழுத்து மூலம் கையொப்பமிட்டு உங்களுக்கு மாற்றித் தராத வரையில், அட்டையில் உங்கள் பெயர் இருந்தாலும் உரிமை அவரிடமே இருக்கும். மாற்றித் தரும்போது காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் அது 5 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். எல்லை குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். முன்பணத்தை இழந்து அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தேன்.

இரண்டாவதாக என் நண்பர் ஒருவர் மூலம், பதிப்பகங்களில் பல ஆண்டுகள் வேலை செய்த ஓர் அம்மையார் கிடைத்தார். அவர் முதலில் 20 பக்கங்களை மட்டும் வாங்கிக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பி, 'இந்த முறை உங்களுக்குப் பிடித்திருந்தால் மேலே பேசலாம்' என்றார். எந்தப் பணிக்கு எவ்வளவு என்பதையும் பிரித்து எழுதிக் கொடுத்தார்: அமைப்பைச் சீர்செய்து செம்மையாக்குவது ஒன்று, ஒற்றுப்பிழையும் எழுத்துப்பிழையும் பார்க்கும் மெய்ப்புப் பணி மற்றொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று நான் அதுவரை எண்ணியிருந்தேன்.

மாதம் ஒருமுறை காட்பாடியில் இறங்கி, சத்துவாச்சாரியில் என் வீட்டுக்கு வருவார். ஒரு வாக்கியத்தைக்கூட அவர் எனக்காக எழுதவில்லை. ஓரங்களில் கேள்விகளை எழுதினார். மொத்தம் 146 கேள்விகள். 1972இல் நடந்த ஒன்றை 'வேலூர் மாவட்டத்தில்' என்று நான் எழுதியிருந்தேன். '1989இல்தானே வட ஆற்காடு பிரிந்தது, அன்று உங்கள் அப்பா எந்த மாவட்டத்தில் இருந்தார்?' என்று கேட்டார். தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆண்டை 1995 என்று குறித்திருந்தேன். 1996 ஆகஸ்ட் 28 என்று திருத்தியதோடு, 'தீர்ப்பு வந்த வாரம் உங்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்?' என்றும் கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பதிலாக நான் எழுதியதுதான் இன்று பலரும் பாராட்டுகிற ஒன்பதாம் அத்தியாயம். 'கீது', 'பூட்டாரு', 'இன்னாடா' எல்லாம் அப்படியே இருந்தன. நானூறு பக்கங்கள் 240 ஆயின. அச்சகத்தில் 16 பக்கங்களைச் சேர்த்து ஒரு ஃபாரம் என்பார்கள்; அந்தக் கணக்கில் சரியாக 15 ஃபாரம்.

'எழுத்தாளன் என்றால் தானே எழுத வேண்டும்' என்று சிலர் இதன் கீழே வந்து சொல்வார்கள். நானேதான் எழுதினேன். 31 ஆண்டுகள் பேரேடு எழுதியவனுக்கும் ஆண்டுதோறும் தணிக்கையாளர் வந்து கணக்கைச் சரிபார்த்தார். அதனால் அந்தக் கணக்கை அவர் எழுதியதாக யாரும் சொன்னதில்லை. பணமில்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்களானால், அந்தக் கேள்வி நியாயமானது. நான் என் பணிக்கொடையிலிருந்து எடுத்துச் செலவு செய்தேன், எல்லோருக்கும் அது இயலாது. உங்களுக்கு ஒரு பகுதிக்குத்தான் வசதி இருக்கிறது என்றால், செம்மையாக்கத்துக்குச் செலவிடுங்கள்; மெய்ப்புப் பார்க்க உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மனமுவந்து முன்வருவார். ஆனால் முழுப் பிரதியையும் முடித்த பிறகே யாரிடமும் போங்கள். பாதிப் பிரதியோடு போனால், மீதியை அவர் எழுதத் தொடங்கிவிடுவார்.

சித்தப்பா மண்டபத்தில் எல்லோர் முன்பாகவும், 'யாருப்பா எழுதிக் குடுத்தது?' என்று கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் அந்த 146 கேள்விகள் அடங்கிய கோப்பை எடுத்துக்கொண்டு பேரணாம்பட்டில் அவர் வீட்டுக்குப் போய், அவர் கையில் கொடுத்தேன். அவரும் இளமையில் அப்பாவோடு தொட்டியில் இறங்கியவர்தான். மெதுவாகப் புரட்டிக்கொண்டே வந்தவர், 'தோல் பதமாகிவிட்டதை உங்கள் அப்பா எப்படிக் கண்டுகொண்டார்?' என்ற கேள்வியில் நின்றார். கையால் தொட்டுப் பார்த்தார் என்று நான் பதில் எழுதியிருந்தேன். 'தொட்டா மட்டும் போதாதுப்பா. கழுத்தாண்ட ஓரத்த நறுக்கிப் பார்ப்பாரு. நடுவுல வெள்ளையா கீதுன்னா இன்னும் ஊறணும்னு வுட்ருவாரு' என்றார். இரண்டாம் பதிப்புக்காக அதைக் குறித்துக்கொண்டேன்.