‘எல்லா டிஸ்க்கும் ஓடும்’ என்று சொல்லி விற்ற ப்ளேயர்: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். என் மாமனாருக்கு வயது 74. டிஸ்க் போட்டுப் படம் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. பழைய டிவிடிகளோடு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார் அங்கிருந்து வாங்கி வந்த ப்ளூரே டிஸ்க்குகளும் நிறைய இருக்கின்றன. பழைய ப்ளேயர் ரிப்பேர் ஆனதால் எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் 6,800 ரூபாய்க்குப் புது ப்ளூரே ப்ளேயர் வாங்கினோம். போவதற்கு முன்பே டிஸ்க்குகளை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, இதெல்லாம் ஓடுமா என்று கேட்டேன். ‘எல்லா டிஸ்க்கும் ஓடும், வாங்க’ என்று பதில் வந்தது. வீட்டுக்கு வந்து போட்டால் டிவிடி ஓடுகிறது. சிங்கப்பூர் ப்ளூரே ஒன்றுகூட ஓடவில்லை. ரீஜன் பொருந்தவில்லை என்று திரையில் வருகிறது. கடைக்காரரோ, ‘மெஷினில் கோளாறு இல்லை, திரும்ப எடுக்க மாட்டோம், 1,500 கொடுத்தால் ரீஜன் பூட்டின் கோடு (code) உடைத்துத் தருகிறோம்’ என்கிறார். அவர் கொடுத்தது ‘எஸ்டிமேட்’ என்று போட்ட துண்டுச் சீட்டு. அதிலும் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருக்கிறது. பணத்தை யுபிஐயில் செலுத்தினோம். மூன்று வாரம் ஆகிறது. என்ன செய்யலாம்? கோடு உடைப்பது குற்றம் என்று என் கணவர் பயப்படுகிறார், அது உண்மையா?

பதில்: முதலில் அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழியாமல் பத்திரப்படுத்துங்கள். உங்கள் வழக்கு என்று ஒன்று இருந்தால் அது அந்த ஒரு வரி பதிலில்தான் இருக்கிறது.

கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. மெஷின் கெட்டுப்போகவில்லை. ஒரு பகுதியில் விற்கும் டிஸ்க் அந்தப் பகுதி ப்ளேயரில் மட்டும் ஓடும்படி பூட்டுவதற்காக, டிவிடிக்கு உலகத்தை ஆறு ரீஜனாகப் (பகுதியாக) பிரித்திருக்கிறார்கள். இந்தியா 5, சிங்கப்பூர் 3. ப்ளூரேக்கு மூன்றே பிரிவு. இந்தியா ‘சி’, சிங்கப்பூர் ‘ஏ’. டிஸ்க்கில் ‘ஏ’ மட்டும் என்று பூட்டியிருந்தால், இந்தியாவில் விற்பதற்காகச் செய்த ப்ளேயர் அதைத் தொடாது. தமிழ்ப் பட டிவிடிகள் பலவற்றில் ரீஜன் பூட்டே கிடையாது. அதனால்தான் உங்கள் மாமனாரின் பழைய டிஸ்க்குகள் பிரச்சினை இல்லாமல் ஓடுகின்றன.

ஆனால், மெஷின் நன்றாக இருக்கிறது என்பதோடு சட்டம் நின்றுவிடுவதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் பொருளின் ‘குறைபாடு’ என்றால் என்ன என்று பிரிவு 2(10) சொல்கிறது. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரம் இல்லாமல் போவது மட்டும் குறைபாடு என்று அது நிற்கவில்லை. வியாபாரி எந்த விதத்தில் உறுதி சொல்லியிருந்தாலும், அந்த உறுதிக்குக் கீழே பொருள் இருந்தால் அதுவும் குறைபாடே. உறுதி ஸ்டாம்ப் பேப்பரில் இருக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் பதில் போதும்.

இன்னொரு சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16(1). எந்தக் காரியத்துக்காக வாங்குகிறீர்கள் என்பதை விற்பவரிடம் தெரிவித்து, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்தக் காரியத்துக்குப் பொருள் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது எழுதாமலே ஒப்பந்தத்தில் சேர்ந்துவிடும் நிபந்தனை. இதற்கு ஒரு விலக்கு உண்டு: குறிப்பிட்ட கம்பெனி, குறிப்பிட்ட பெயர் என்று நீங்களே சொல்லிக் கேட்டு வாங்கினால் இந்த நிபந்தனை வராது. எதிர்த் தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் பிடிப்பார். நீங்கள் மாடல் பெயர் சொல்லிக் கேட்கவில்லை, டிஸ்க்கைக் காட்டி ‘இது ஓடுமா’ என்று கேட்டீர்கள். அந்த வித்தியாசத்தைக் கடிதத்தில் தெளிவாக எழுத வேண்டும்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற வாசகத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் பாதிப் பேர் அதை அச்சடித்து வைத்திருக்கிறார்கள். குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லியிருக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று அதே 2019 சட்டம் பிரிவு 2(47)-இல் சொல்கிறது. பில் தராமல் விடுவதும் அதே பட்டியலில் வருகிறது. ஆக, அந்த எஸ்டிமேட் சீட்டு உங்களைவிட அவருக்குத்தான் சங்கடம். பில் இல்லாமல் வழக்கு நிற்குமா என்று கேட்பீர்கள். யுபிஐ ரசீது, வங்கிக் கணக்கு விவரம், எஸ்டிமேட் சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு, மெஷினின் சீரியல் எண் எல்லாம் சேர்ந்தால் விற்பனை நடந்ததை மறுப்பது கஷ்டம்.

மூன்று வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். 30 நாள் முடிவதற்குள் ஒரு கடிதம் போய்விட வேண்டும். வக்கீல் நோட்டீஸ் கட்டாயம் இல்லை. நீங்களே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம். எப்போது கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, எந்த டிஸ்க் ஓடவில்லை, 15 நாளுக்குள் 6,800 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும், தந்தால் மெஷினை அட்டைப்பெட்டியோடு ஒப்படைக்கத் தயார். இவ்வளவு போதும். அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள். மெஷினை அதற்குமேல் ஓட்ட வேண்டாம் என்று மாமனாரிடம் சொல்லுங்கள். திருப்பித் தருகிறேன் என்று எழுதிவிட்டு தினம் ஒரு படம் பார்த்தால் நன்றாக இருக்காது.

அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அது நீதிமன்றம் இல்லை, உத்தரவு போடாது. ஆனாலும் இந்த அளவு தொகைக்கு, அங்கிருந்து தகவல் போனதும் இறங்கி வருகிற கடைக்காரர்கள் உண்டு. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை அங்கேதான் போக வேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டில் இருந்தபடியே பதியலாம். கன்னடம் எழுத வராதே என்ற கவலை வேண்டாம், ஆங்கிலத்தில் கொடுக்கலாம். காணொலி வழியாக விசாரிக்கும்படி கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. வாட்ஸ்அப் பதிவுகளை அச்செடுத்துக் கொடுக்கும்போது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம், 2023-இன் பிரிவு 63-இல் மின்னணுப் பதிவுகளுக்காகச் சொன்ன சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். நுகர்வோர் ஆணையம் அதில் அவ்வளவு கறார் காட்டாது என்றாலும், ஆட்சேபணைக்கு இடம் வைப்பானேன்?

வழக்கு போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. போட்டால் மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். விலை, வட்டி, செலவு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை என்று கேளுங்கள். 6,800 ரூபாய் மெஷினுக்கு இரண்டு லட்சம் நஷ்டஈடு கேட்டால் உங்கள் மனுவின் மதிப்புதான் குறையும்.

இனி கணவரின் பயத்துக்கு வருகிறேன். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த பிரிவு 65ஏ, பாதுகாப்புப் பூட்டை உடைப்பதற்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் வைத்திருக்கிறது உண்மை. ஆனால் அதில் உயிரான சொற்கள், ‘உரிமையை மீறும் எண்ணத்தோடு’ என்பவை. காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் டிஸ்க்கை வீட்டில் போட்டுப் பார்ப்பதில் அந்த எண்ணம் எங்கே இருக்கிறது? கொழுந்தனார் கொண்டு வந்ததிலும் சிக்கல் இல்லை. சொந்த வீட்டு உபயோகத்துக்கு ஒரு படைப்பின் ஒரு பிரதியை இறக்குமதி செய்வதைப் பிரிவு 51 விட்டுவைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், சட்டம் தடுக்காத காரியத்துக்காகப் பூட்டைத் திறக்க இன்னொருவருக்கு உதவுகிறவர், உதவி பெற்ற அந்த நபரின் பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் குறித்து வைக்க வேண்டும் என்று 65ஏ சொல்கிறது. கோடு உடைக்கும் எந்தக் கடையிலும் அப்படி ஒரு நோட்டுப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

குற்றம் இல்லை என்றாலும் அந்த 1,500-ஐக் கொடுக்காதீர்கள். இப்போது மெஷினைத் திறந்தால் வாரண்டி போகும், ‘வாடிக்கையாளரே கழற்றிவிட்டார்’ என்று அவர் கைகழுவவும் வசதியாகிவிடும். தவிர, ப்ளூரே ப்ளேயரில் டிவிடி ரீஜன் வேறு, ப்ளூரே ரீஜன் வேறு. பல மாடல்களில் ரிமோட்டில் சில எண்களை அழுத்தினாலே டிவிடி பூட்டு திறந்துவிடும். ப்ளூரே பூட்டுக்கு அநேகமாக உள்ளே கை வைக்க வேண்டியிருக்கும். முதலாவதை மட்டும் செய்து ‘ஆல் ரீஜன்’ என்று விற்கிறவர்களிடம்தான் பலர் ஏமாறுகிறார்கள். உங்களுக்கு வந்த ‘எல்லாம் ஓடும்’ என்ற பதிலும் அந்த வகை என்றே நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: அனுப்பிய போட்டோவில் திருட்டு டிஸ்க் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் வைத்துப் பார்ப்பதற்காக உங்கள் மேல் யாரும் வழக்குப் போடப்போவதில்லை, ஆனால் அதை ஆணையத்தில் ஆவணமாகத் தாக்கல் செய்வது அழகல்ல. இந்தியாவில் வெளியான ஒரிஜினலில் தயாரித்தவர் பெயர், முகவரி, சென்சார் சான்றிதழ் விவரம் இருக்க வேண்டும்.

பணம் திரும்பி வந்தால் அடுத்து என்ன வாங்குவது? கடைக்குப் போகுமுன் டிஸ்க் உறைகளின் பின்பக்கத்தைப் பாருங்கள். டிவிடி என்றால் உலக உருண்டைக்குள் எண் இருக்கும். ப்ளூரே என்றால் அறுகோணத்துக்குள் எழுத்து. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு கிடையாது, ஆனால் அது சாதாரண ப்ளூரே ப்ளேயரில் ஓடவே ஓடாது. டிவியையும் மறக்க வேண்டாம். புது ப்ளூரே ப்ளேயர்கள் பலவற்றில் எச்டிஎம்ஐ மட்டும்தான். மூன்று கலர் ஒயர் சொருகும் பழைய டிவியாக இருந்தால் சேராது. பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பொருளுக்கு நாளை யாரையும் தேடிப் பிடிக்க முடியாது. கடையிலேயே ஒரு சிங்கப்பூர் டிஸ்க்கைப் போட்டுக் காட்டச் சொல்லி, ‘ப்ளூரே ஏ, சி இரண்டும் ஓடும்’ என்று மாடல் எண்ணோடு பில்லில் எழுதி வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினால் ‘ஆல் ரீஜன்’ என்று விளம்பரம் சொன்ன பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சொன்ன அம்சம் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன.

இதைவிட மலிவான வழி கொழுந்தனார் கையில் இருக்கிறது. சிங்கப்பூரில் விற்கும் சாதாரண ப்ளூரே ப்ளேயரை அடுத்த முறை வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு, ஒரு கன்வர்ட்டர் போதும். ‘ஏ’ டிஸ்க்குகளும் பூட்டில்லாத தமிழ் டிவிடிகளும் அதில் ஓடும். 5 என்று போட்டவை ஓடாது. ஒன்று மட்டும் தெரிந்து வாங்குங்கள்: அங்கே வாங்கியது கெட்டுப்போனால், நான் மேலே சொன்ன சட்டம் எதையும் காட்டி அந்தக் கடைக்காரரை பெங்களூருக்கு இழுக்க முடியாது.