கல்லுக்குள் நெளியும் வெள்ளை இழைகள்

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டடி மீன்தொட்டி இருக்கிறது. ஆறு கப்பி, நான்கு மோலி மீன்கள் வளர்த்தோம். ஒரு மாதமாக அடியில் உள்ள கல்லுக்குள் நூல் மாதிரி வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. காலையில் பார்த்தால் கண்ணாடியிலும் ஏறியிருக்கின்றன. இரண்டு முறை தண்ணீரை முழுக்கக் கொட்டி, கல்லை வெந்நீரில் அலசி, ஃபில்டரைக் குழாயடியில் கழுவிப் போட்டேன். பத்தே நாளில் திரும்ப வந்துவிட்டன. இதற்கிடையில் மூன்று கப்பிகள் செத்துவிட்டன. ஒன்பது வயது மகள் அழுதுகொண்டே இருக்கிறாள். சத்தமாக இருக்கிறதென்று இரவில் மோட்டாரை நிறுத்திவிடுவோம். இந்தப் புழுவால் எங்களுக்கு ஏதும் வருமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். நீங்கள் சொல்வது போல நூல் மாதிரி, வெள்ளையாக, கல்லுக்குள் நெளிபவை மண்புழுவின் தூரத்துச் சொந்தங்கள். மிஞ்சிய தீனியையும் மீன் கழிவையும் தின்று வாழ்பவை. மனிதர்களைப் பிடிப்பதில்லை, மீனையும் கடிப்பதில்லை. தொட்டிக்குள் கைவிட்ட பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அது போதும்.

அப்படியானால் கப்பிகள் ஏன் செத்தன? சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் சொல்லியாக வேண்டும். புழுவைவிடக் கழுவியதுதான் காரணமாக இருந்திருக்கும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே விஷம். அதை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும்தான் குடியிருக்கின்றன. வெந்நீரிலும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரிலும் அவை போய்விட்டன. திரும்பப் பெருகி நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். என் முதல் தொட்டியில் நானும் இதையேதான் செய்தேன். பளபளவென்று கழுவி வைத்த தொட்டியில் நான்காம் நாள் தங்கமீன்கள் இரண்டும் மிதந்தன. அந்தக் காலைப்பொழுது இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: முழுத் தண்ணீரையும் இனி ஒருபோதும் கொட்டாதீர்கள்.

இரவில் மோட்டாரை நிறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, காலையில் புழு கண்ணாடி ஏறுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஓட்டம் நின்றால் அடிமட்டத்தில் ஆக்சிஜன் குறைகிறது. செடி இருந்தால் அதுவும் இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மூச்சுக்குத் தவித்துப் புழு மேலே வருகிறது. மீனுக்கும் அதே திணறல்தான். மோட்டார் 24 மணி நேரமும் ஓடட்டும். சத்தம் அதிகமென்றால் அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் தீனி. புழு இவ்வளவு பெருகியிருக்கிறதென்றால் தொட்டியில் தீனி மிஞ்சுகிறது. இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவு, நாளைக்கு ஒரு வேளை போதும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. பசித்த கப்பி மேலே நீந்திவரும் புழுவைத் தானே பிடித்துத் தின்னும்.

உங்கள் தொட்டி ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். அதில் 12 லிட்டரை வாரம் இரு முறை மாற்றுங்கள். வெறுமனே மொண்டு ஊற்றாமல், சைஃபன் ட்யூபை (தண்ணீரை உறிஞ்சிக் கீழே வாளியில் இறக்கும் குழாயை) கல்லுக்குள் குத்தி அழுக்கோடு உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பாதித் தரை மட்டும், மறுபாதி அடுத்த முறை. புதுத் தண்ணீரை முந்தின நாளே வாளியில் திறந்து வையுங்கள், அல்லது குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விடுங்கள். ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தெடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் புழு நன்றாகக் குறைந்துவிடும். மருந்து எதுவும் வேண்டாம்.

ஆனால் ஒரு வேலை இருக்கிறது. இரவில் விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். புழு தட்டையாக, அம்பு முனை போன்ற தலையோடு, இரண்டு கண்புள்ளிகளோடு, நெளியாமல் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகிறதா? அது பிளனேரியா. பெரிய மீனை ஒன்றும் செய்யாது, ஆனால் முட்டைக்கும் குட்டி இறாலுக்கும் எமன். நசுக்கவோ வெட்டவோ கூடாது, ஒவ்வொரு துண்டும் தனிப் புழுவாக வளரும். மூடியில் சிறு துளையிட்ட புட்டிக்குள் இறைச்சித் துணுக்கு போட்டு இரவில் இறக்கி, காலையில் புழுவோடு எடுத்துவிடலாம். இதற்கென விற்கும் மருந்துகளில் சில நம் பாக்கிலிருந்து எடுத்த சாறுதான். அதற்காக வீட்டுப் பாக்கை இடித்துப் போட்டுவிடாதீர்கள், அளவு தவறினால் தொட்டியே கெடும். கடை மருந்தையும் நத்தை இருக்கும் தொட்டியில் விடக்கூடாது.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறொன்று. கப்பியின் ஆசனவாயிலிருந்து சிவப்பு நூல் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது கமலேனஸ் என்ற குடல்புழு. கப்பிகளிடம் சாதாரணமாக வருவது. மீன் நீந்தாமல் நிற்கும்போது பார்த்தால்தான் தெரியும். பிடித்து இழுக்காதீர்கள், குடல் கிழிந்துவிடும். கால்நடை மருத்துவரிடம் காட்டி லெவாமிசோல் அளவு கேளுங்கள். கோழிக்கும் ஆட்டுக்கும் கொடுக்கும் அதே மருந்துதான். மருந்து விட்ட மறுநாள் மயங்கி விழுந்த புழுக்களைத் தரையிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை விட வேண்டும்.

டார்ச்சை மகள் கையில் கொடுங்கள். இனி தீனி போடுவதும் அவள் பொறுப்பாக இருக்கட்டும், சிட்டிகை அளவை மட்டும் நீங்கள் காட்டிக்கொடுங்கள். எல்லாம் சரியான பிறகும் கல்லுக்குள் நாலைந்து வெள்ளை இழைகள் கண்ணில் படும். இருக்கட்டும், விட்டுவிடுங்கள்.