மரங்கள் சூழ்ந்த தெருவில் வீடு: வாங்கலாமா, வாடகையிலேயே இருக்கலாமா?

கேள்வி: நகரத்துக்குள்ளேயே மரங்கள் அடர்ந்த ஒரு பகுதியில் மூன்று ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறோம். வருமானத்தில் 19 சதவீதம் வாடகைக்குப் போகிறது. இப்போது அதே தெருவில், எங்கள் வீட்டின் அளவிலேயே, 35 ஆண்டுப் பழைய தனி வீடு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை, நாங்கள் கட்டும் ஆண்டு வாடகையைப் போல 32 மடங்கு. 20 சதவீதம் முன்பணம் கட்டினால் சேமிப்பு முழுவதும் தீர்ந்துவிடும். மீதிக்கு 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் வாங்கினால், மாதத் தவணை வருமானத்தில் 48 சதவீதம். அம்மா தினமும் மர நிழலில் நடக்கிறார். இந்த இடத்தை விட்டுப் போக யாருக்கும் மனமில்லை. வாங்கலாமா?

பதில்: இந்த வீட்டை இந்தக் கணக்கில் இப்போது வாங்க வேண்டாம். அந்தப் பகுதியை விட்டுப் போகவும் வேண்டாம். நீங்கள் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். அம்மாவுக்குக் கிடைக்கும் நிழல் வாடகைக்கு இருந்தாலும் அதே நிழல்தான்.

நீங்கள் சொல்லும் வட்டியில் 20 ஆண்டுகள் கட்டினால், வாங்கிய கடனைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு திருப்பித் தருவீர்கள். மரங்களுக்காக விலையில் கூடியிருக்கும் தொகையும் அப்படியே இரட்டிப்பாகும். விலை ஆண்டு வாடகையைப் போல 20 மடங்கைத் தாண்டினால் வாடகைக்கு இருப்பதே மேல் என்று எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. வட்டி ஏற இறங்க அது கொஞ்சம் மாறும்; ஆனால் 32 மடங்கு ரொம்பவே அதிகம். அதைவிட எனக்குக் கவலை தருவது, கையில் சேமிப்பே இல்லாமல் சம்பளத்தில் பாதியைத் தவணைக்கு எழுதிக் கொடுப்பது. நான்கு மாதம் வேலை இல்லாமல் போனால் என்ன செய்வீர்கள்?

அப்புறம், வீட்டின் வயது. பெரிய மரத்தின் வேர் ஆழமாகப் போவதைவிட அகலமாகத்தான் பரவும். பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள்ளேயே, கிளைகளின் விரிவையும் தாண்டிப் போகும். களிமண் நிலமாக இருந்தால், வறண்ட காலத்தில் மரம் நீரை உறிஞ்ச மண் சுருங்கி, அஸ்திவாரம் ஒரு பக்கமாக இறங்கலாம். மரத்தை வெட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உறிஞ்ச மரம் இல்லாதபோது அதே மண் ஈரம் ஏறி உப்பி, அஸ்திவாரத்தை மேலே தள்ளும். பழைய கழிவுநீர்க் குழாய்களின் இணைப்புகளில் வேர் நுழைந்து அடைப்பதும் சகஜம். எனவே இதுபோன்ற எந்த வீட்டைப் பார்த்தாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு கட்டுமானப் பொறியாளரை அழைத்துப் போங்கள். கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல்களைக் காட்டிக் கேளுங்கள். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவு வீட்டு விலைக்கு முன் தூசு.

இன்னொன்றையும் யோசியுங்கள். தெருவோர மரங்கள் உங்கள் பத்திரத்தில் வராது. சாலையை அகலப்படுத்தினால் அவை போய்விடலாம்; நோயும் கொண்டுபோகலாம். ஆஷ் (ash) என்ற மரத்தைத் துளைக்கும் பச்சை வண்டு ஒன்று 2002இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்டது. அதன்பின் அங்கே கோடிக்கணக்கான மரங்கள் செத்தன. ஒரே வகை மரத்தை வரிசையாக நட்ட தெருக்கள் மொட்டையாயின. உங்கள் தெருவில் எத்தனை வகை மரங்கள் இருக்கின்றன, இளம் கன்றுகளும் நடுகிறார்களா என்று ஒரு நாள் நடந்து பாருங்கள். மரமே முதிர்ந்து விழும் நிலையில் இருந்தால், அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

சரி, வேறு பகுதிகளைப் பார்க்க நினைத்தால் 3-30-300 என்ற அளவுகோல் உதவும். நகர்ப்புற மரங்களை ஆராயும் செசில் கோனைனென்டைக் 2021இல் முன்வைத்தது. வீட்டிலிருந்து 3 மரங்களாவது தெரிய வேண்டும், பகுதியில் 30 சதவீதம் மர நிழல் இருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா இருக்க வேண்டும். பெயர் பெற்ற பகுதிக்குப் பக்கத்திலேயே, அவ்வளவு பேசப்படாத ஒரு தெரு இந்த மூன்றிலும் தேறிவிடலாம்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். தவணைக்குத் தயாராக இருந்த 48 சதவீதத்தில் வாடகை போக 29 சதவீதம் மிஞ்சுகிறது. அதை மாதம் பிறந்ததும் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து ஆண்டுகளில், வட்டியைச் சேர்க்காமலே, 17 மாத வருமானம் சேரும். இப்போதுள்ள சேமிப்பை விட அது அதிகம். அதில் ஆறு மாதச் செலவை அவசரத்துக்கு ஒதுக்கிவிட்டு, அதே பகுதியில் சின்னதாக ஒரு அடுக்குமாடி வீட்டைப் பாருங்கள். தவணை 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இப்படிச் சேமிக்க முடியாமல் திணறினால், அந்தத் தவணையையும் கட்டியிருக்க முடியாது என்பது ஆறே மாதத்தில் தெரிந்துவிடும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டு உரிமையாளரிடம் உட்கார்ந்து பேசுங்கள். மூன்று, நான்கு ஆண்டுகளுக்கான ஒப்பந்தமும், ஆண்டுக்கு இவ்வளவுதான் வாடகை உயரும் என்ற வரியும் எழுத்தில் கேளுங்கள். மூன்று ஆண்டுகள் ஒழுங்காக வாடகை கட்டிய குடும்பத்தை இழக்க எந்த உரிமையாளரும் எளிதில் விரும்பமாட்டார்.