சுண்டெலியின் மூச்சை அளப்பது: வாசகர் கேள்விகள்

கேள்வி: மனிதருக்கு ஊதச் சொல்லி ஸ்பைரோமெட்ரி பார்க்கிறோம். சுண்டெலிக்கு ஏன் அப்படி ஒரு எளிய சோதனை இல்லை? – முதுகலை மாணவி, மதுரை

பதில்: ஊது என்றால் அது ஊதாது. 25 கிராம் சுண்டெலி ஒரு மூச்சில் இழுப்பது ஏறத்தாழ 0.2 மி.லி. காற்று. விழித்திருக்கும்போது நிமிடத்துக்கு 200 மூச்சுக்கு மேல் போகும். மயக்கி, மூச்சுக்குழலில் குழாய் வைத்து, நுரையீரலை நிரப்பிவிட்டுச் சட்டென்று உறிஞ்சினால், முதல் 0.1 நொடியில் வெளிவரும் காற்றை அளக்கலாம். மனிதரிடம் பார்க்கும் 'முதல் நொடி' அளவுக்கு அதுதான் இணை. ஆனால் கோளாறு பெரிய குழாயிலா, உள்திசுவிலா என்பதை அந்த எண் மட்டும் பிரித்துச் சொல்லாது. அதற்குத்தான் ஃபிளெக்ஸிவென்ட் போன்ற கருவிகள். மூச்சை நிறுத்தி, சிறு காற்றலைகளைச் செலுத்தி, எழும் அழுத்தத்திலிருந்து கணக்குப் போடுகின்றன.

கேள்வி: பெட்டிக்குள் விலங்கை விட்டு அளந்த 'பென்ஹ்' இருமடங்கு ஏறியது. ஆஸ்துமா என்று எழுதினோம். மதிப்பீட்டாளர் ஏற்கவில்லை. அவர் பக்கம் நியாயமா? – ஆய்வு மாணவர், சென்னை

பதில்: நியாயம்தான். பென்ஹ் என்பது மூச்சுக்குழாயின் தடை அல்ல. வெளிமூச்சு, உள்மூச்சு ஆகியவற்றின் உச்ச அழுத்தங்களையும் வெளிமூச்சின் கால அமைப்பையும் கலந்து செய்த ஒரு விகிதம். பெட்டிக்குள் அழுத்தம் மாறுவதில் பெரும்பங்கு, உள்ளே இழுத்த காற்று உடல் சூட்டில் சூடாகி ஈரமாவதால் வருவது. பெட்டியையே 37 டிகிரிக்குச் சூடாக்கி ஈரப்பதம் நிரப்பினால் அந்தப் பங்கு கிட்டத்தட்ட மறைந்துவிடும். குழாய் ஒரு துளி சுருங்காமலே, மூச்சின் வேகம் மாறினாலும் மூக்கடைப்பு வந்தாலும் எண் ஏறும். சுண்டெலி மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி என்பதை மறக்கக் கூடாது. 1997இல் பரவலாக அறிமுகமான இந்த அளவின் மீது 2004 வாக்கில் துறையே வெளிப்படையாகக் கேள்வி எழுப்பிவிட்டது.

பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். மூச்சு எண்ணிக்கைக்கும், ஒரே விலங்கை நாள்தோறும் ஒப்பிடவும் அது நல்லது. முந்தைய நாட்களிலேயே பெட்டியைப் பழக்குங்கள். அளக்கும் நாளில் குறைந்தது 15 நிமிடம் அடங்க விடுங்கள். கட்டுரையில் 'தடை' என்ற சொல்லை மட்டும் எழுதாதீர்கள்.

கேள்வி: ஃபிளெக்ஸிவென்டில் ஒரே குழுவில் ஒரு விலங்குக்கு நெகிழ்திறன் (அழுத்தத்துக்கு நுரையீரல் எவ்வளவு விரிகிறது என்ற அளவு) பாதி, இன்னொன்றுக்கு இரண்டு மடங்கு வருகிறது. எங்கே தேடுவது? – ஆய்வக உதவியாளர், பெங்களூரு

பதில்: நுரையீரலைச் சந்தேகிக்கும் முன் குழாயைப் பாருங்கள். பாதியாக வந்தால் கேனுலா (மூச்சுக்குழலில் வைக்கும் குழாய்) ஆழமாகப் போய் ஒரு பக்க நுரையீரலுக்குள் நுழைந்திருக்கலாம். சுண்டெலியின் மூச்சுக்குழல் மொத்தமே ஒரு செ.மீ. சொச்சம், அதனால் முனையைச் சுமார் 5 மி.மீ. மட்டும் உள்ளே செலுத்துங்கள். இரண்டு மடங்காக வந்தால் கசிவு: காற்று வெளியே போக, அழுத்தம் ஏறாமல் நிற்க, கருவி அதை 'மிக நெகிழ்வான நுரையீரல்' என்று கணக்கெழுதும். பட்டுநூலால் குழலைச் சுற்றி இரண்டு முடிச்சு போடுங்கள். அழுத்தம்–கொள்ளளவு வளையம் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறதா பாருங்கள். திரும்பாவிட்டால் அந்த எண்களை எழுத வேண்டாம். சளியோ இரத்தமோ முனையை அடைத்தால் தடை ஒரே தாவாக ஏறும். மெல்ல உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

அடுத்து, அளவுத்திருத்தம். கேனுலாவே ஒரு தடை. விலங்கின் குழாய்த் தடையோடு போட்டி போடும் அளவுக்கு. அதனால் அன்றைக்குப் பயன்படுத்தப் போகும் அதே கேனுலாவைப் பொருத்தி, முனை திறந்தும் மூடியும் திருத்தம் செய்யுங்கள். வேறொன்றை மாற்றிப் போட்டால் பெரிய குழாய்த் தடை எண் முழுக்கப் பொய்.

கருவி செலுத்தும் மூச்சு நிமிடத்துக்கு 150, கொள்ளளவு கிலோவுக்கு 10 மி.லி., வெளிமூச்சின் முடிவில் 3 செ.மீ. நீரழுத்தம் என்பதுதான் வழக்கம். பல அமைப்புகளில் அந்த 3 செ.மீ. வருவது ஒரு நீர்க் குடுவையிலிருந்து: வெளிமூச்சுக் குழாயின் முனை தண்ணீருக்குள் 3 செ.மீ. அமிழ்ந்திருக்கும். நீர் ஆவியாகி 2 செ.மீ. ஆனால் நுரையீரலின் அடிக்கொள்ளளவு இறங்கும், விறைப்பு ஏறும். காலையில் அளந்த குழுவும் மாலையில் அளந்த குழுவும் வேறுபடுவது சில சமயம் இந்த ஒரு செ.மீட்டரால்தான். குடுவையில் கோடு போட்டுவையுங்கள்.

மயக்கத்தில் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போகும். எனவே அளக்குமுன் 30 செ.மீ. நீரழுத்தம் வரை ஊதி, 3 நொடி பிடித்து விடுங்கள், இரண்டு முறை. எல்லா விலங்குக்கும் அதே இடைவெளியில். விலங்கு தானாக மூச்சிழுத்தாலும் அளவு கெடும். தசைத்தளர்த்தி கொடுப்பதானால் மயக்கம் ஆழமாக இருப்பதை முதலில் உறுதி செய்யுங்கள். கால்விரலைக் கிள்ளும்போது இதயத்துடிப்பு ஏறினால், அது அசையாமலே வலியை உணர்கிறது. இதற்கும் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதித் தாளில் இடம் இருக்க வேண்டும்.

கேள்வி: மூச்சுக்குழாயைச் சுருக்கும் மெத்தகோலின் மருந்துச் சோதனையில் எந்த மருந்தளவுகள்? கருவியின் கணக்கு மாதிரியோடு மோசமான பொருத்தம் உள்ள அளவீடுகளை நீக்கலாமா? – மருந்தியல் மாணவி, கோவை

பதில்: முதலில் உப்புநீர் மட்டும். பிறகு மி.லி.க்கு 3.125, 6.25, 12.5, 25, 50 மி.கி. என்று இரட்டித்துப் போவது வழக்கம். ஒவ்வொன்றையும் 10 நொடி நெபுலைஸ் செய்து (நுண்துளிப் புகையாக்கிச் செலுத்தி), பின் 3 நிமிடம் தொடர்ந்து அளந்து, உச்ச மதிப்பை எடுங்கள். ஒவ்வொரு மருந்தளவுக்கும் முன் ஆழ்ந்து ஊதுவதா வேண்டாமா என்பதில் ஒரே கொள்கை வேண்டும். ஆழ்ந்த மூச்சே சுருங்கிய குழாயைக் கொஞ்சம் திறந்துவிடும். நெபுலைசர் வலை உலர்ந்து அடைத்தால், 50 மி.கி. என்று எழுதிவிட்டுப் பாதிதான் கொடுத்திருப்பீர்கள். விலங்குக்கு விலங்கு அந்த வலையைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, குறிப்பிட்ட அளவு நீர் எத்தனை நொடியில் தீர்கிறது என்று பாருங்கள்.

பொருத்தக் குணகம் 0.9க்குக் கீழே போனால் அந்த அளவீட்டை நீக்குவது நடைமுறை. அதில் ஒரு பொறி உண்டு. குழாய் மிகக் கடுமையாகச் சுருங்கிய விலங்கில்தான் பொருத்தம் முதலில் கெடும். கண்ணை மூடிக்கொண்டு நீக்கினால், நோய் அதிகமான விலங்குகளே கணக்கிலிருந்து போய், குழு நலமாகத் தெரியும். எத்தனை நீக்கினோம், எந்தக் குழுவில், எந்த மருந்தளவில் என்று அட்டவணையிடுங்கள்.

இனத்தையும் கவனியுங்கள். பால்ப்-சி இனம் மெத்தகோலினுக்கு நன்கு சுருங்கும். சி57பிஎல்/6 அவ்வளவு சுருங்காது.

கேள்வி: ப்ளியோமைசின் மருந்து கொடுத்து நுரையீரலில் உண்டாக்கும் தழும்பில் எந்த எண், எந்த நாள்? – பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: நிலைநெகிழ்திறன் (காற்றோட்டம் நின்ற நிலையில் அளக்கும் நெகிழ்திறன்) இறங்கும், திசு விறைப்பு ஏறும், 30 செ.மீ. வரை ஊதும்போது உள்ளே போகும் காற்று குறையும். பெரிய குழாய்த் தடை அவ்வளவாக அசையாது. 7ஆம் நாள் மாற்றத்தைத் தழும்பு என்று எழுதாதீர்கள், அது பெரும்பாலும் அழற்சி. 14 முதல் 21 நாள் வரை தழும்பு உச்சம். ஒற்றை வேளை மருந்தென்றால் அதற்குப்பின் மெல்லத் தானே ஆறத் தொடங்கும்.

இளைத்த விலங்கில் இன்னொரு சிக்கல். எடை குறைந்தாலும் நுரையீரல் சிறுத்துவிடவில்லை. அன்றைய எடையை வைத்து மூச்சுக் கொள்ளளவு போட்டால், நோயுற்ற குழு சிறிய மூச்சையே பெறும். தொடக்க எடையை வைத்துக் கணக்கிட்டு, அதை முறையியலில் சொல்லிவிடுங்கள். நுரையீரலைக் கழுவி எடுப்பதும் திசு வெட்டுவதும் அளவெல்லாம் முடிந்த பிறகே.