ஏறுமுன் பார்க்க வேண்டியவை: மரம் தறிப்பவர்கள் கேட்ட கேள்விகள்

வளவுகளில் நிற்கும் பெரிய மரங்களைக் கொந்தராத்துக்கு எடுத்து, ஏறி, துண்டு துண்டாக இறக்கும் வேலை பற்றி மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

எங்கள் ஓட்டு வீட்டின் மேல் பழைய மாமரமொன்று சாய்ந்து நிற்கிறது. ஒருவர், "விறகை எனக்குத் தந்தால் போதும், காசு வேண்டாம்" என்கிறார். இன்னொருவர் பெருந்தொகை கேட்கிறார். ஒரே மரத்துக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்?
*வாசகி, ஆரையம்பதி*

விறகுக்காகத் தறிப்பவருக்கு நேரம்தான் காசு. கொப்பைப் பெரிதாக வெட்டி விழுத்தினால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். வெட்ட வெளியில் நிற்கும் மரமென்றால் அது சரி. ஓட்டுக்கு மேல் நிற்கும் மரத்துக்குச் சரிவராது. மற்றவர் கேட்கும் தொகையில் ஏறுபவர், கயிறு பிடிப்பவர், கீழே கொப்பு இழுப்பவர் என்று குறைந்தது மூன்று பேரின் கூலி இருக்கிறது. ஒவ்வொரு கொப்பையும் கட்டி இறக்கும் நேரமும் அதற்குள் அடக்கம்.

விலை பேச முன்பு அவர் மரத்தை எப்படிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். வேலை தெரிந்தவர் மரத்தைச் சுற்றி வருவார். கோடரியின் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டிக் காது கொடுப்பார். கறையான் புற்று, அடியில் முளைத்த காளான், பழைய வெட்டுக்காயத்தில் விழுந்த பொந்து ஆகியவற்றைத் தேடுவார். மாமரத்தில் இதைத் தவறவிடவே கூடாது. முன்பு கொப்பு வெட்டிய இடத்தால் தண்ணீர் இறங்கி உள்ளே உக்கியிருக்கும், வெளியே பட்டை பச்சையாகவே நிற்கும். "எந்தக் கொப்பைக் கட்டி இறக்குவீர்கள், எதை விழவிடுவீர்கள்?" என்று கேளுங்கள். கை நீட்டிக் காட்டிச் சொல்லத் தெரிந்தவருக்கே வேலையைக் கொடுங்கள்.

அடிக்கட்டையை நிலமட்டத்தோடு அரிவதா தோண்டி எடுப்பதா, கொப்பும் குழையும் யார் அகற்றுவது, ஓடு உடைந்தால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் முதலிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள். சண்டை வருவதெல்லாம் இந்த மூன்றிலும்தான்.

தளைநார் போட்டுத் தென்னை ஏறிப் பழகியவன் நான். இப்போது வாகை, புளி தறிக்கவும் கூப்பிடுகிறார்கள். கையில் காசு குறைவு. முதலில் எதை வாங்குவது?
*இளைஞர், செங்கலடி*

தம்பி, தென்னையில் உங்கள் கையும் காலும்தான் உங்களைத் தாங்குகின்றன. பெரிய மரத்தில் இரண்டு கையும் வாளில் இருக்கவேண்டும், ஆகவே உடம்பைத் தாங்குவது முழுக்கக் கருவியின் வேலை. முதற்காசை இடுப்புக்கும் தொடைக்கும் பட்டி உள்ள, மரமேறுவதற்கென்றே செய்த ஹார்னஸில் போடுங்கள். அடுத்தது 12 அல்லது 13 மில்லிமீற்றர் ஏறுகயிறு, 40 மீற்றர் அளவில். பிறகு இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றிக் கட்டும், உள்ளே கம்பி ஓடும் 3 முதல் 4 மீற்றர் அணைகயிறு, கயிற்றைக் கொளுவ தானாகப் பூட்டும் கரபினர் வளையம் மூன்று நான்கு, நாடிப்பட்டி உள்ள ஹெல்மெட், கண்ணாடி. செயின்சோ இவற்றுக்கெல்லாம் பிறகு. 10 சென்ரிமீற்றர் வரையான கொப்புக்கு வளைந்த கைவாளே போதும், அதோடு கைவாளால் பழகியவருக்கு மரம் எப்போது இறுக்கும், எப்போது பிளக்கும் என்பது கையிலேயே தெரிந்துவிடும்.

வாழைச்சேனைப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் மீன்பிடி ரோப்பை உயிருக்குக் கட்டாதீர்கள். அதில் பெரும்பகுதி பொலிபுரொப்பிலீன். வெயிலில் கிடந்து உக்கும், உராய்வுச் சூட்டில் இளகும். ஒரே இடத்தில் முடிச்சு வழுக்கி ஓடினால் கயிறு அங்கேயே உருகத் தொடங்கும். கொப்பை ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்க அது உதவும், அவ்வளவுதான். அடுத்தவர் பாவித்த ஏறுகயிற்றையும் வாங்காதீர்கள். பற்றரி அமிலம் பட்டதா, வாள் கீறியதா என்பது கண்ணுக்குத் தெரியாது.

ஏறுகயிற்றைப் போட மீன்பிடிக்காரரின் முறை நல்லது: மெல்லிய நூலில் 300 முதல் 400 கிராம் வரை ஈயமோ மணற்பையோ கட்டி எறிந்து, நூலால் கயிற்றை இழுத்து ஏற்றலாம். கயிறு தொங்கும் கவை உயிருள்ளதாக, குறைந்தது 10 சென்ரிமீற்றர் தடிப்பாக, நடுமரத்தோடு ஒட்டியதாக இருக்கவேண்டும். ஏறமுன் இரண்டு பேர் சேர்ந்து அந்தக் கயிற்றில் தொங்கிப் பாருங்கள்.

வாள் ஓடும் நேரமெல்லாம் இரண்டு கட்டு இருக்கவேண்டும். ஏறுகயிறு ஒன்று, அணைகயிறு மற்றது. இறுகி நிற்கும் கயிற்றில் செயின் தொட்டால் ஒரு நொடி கூடத் தாங்காது. காலில் பூட்டும் இரும்பு முள், முழுதாகத் தறிக்கப்போகும் மரத்துக்கு மட்டுந்தான். கொப்புக் கழித்துவிட்டு மரத்தை நிற்கவிடப் போகிறீர்களென்றால் முள் குத்திய ஒவ்வொரு ஓட்டையாலும் நோய் இறங்கும். வேம்பின் முதிர்ந்த பட்டையில் முள் நின்றாலும் பட்டை உரிந்து வழுக்கும், பட்டைக்குள் இருக்கும் மரத்தைத் தொடும்வரை முள்ளை உதைத்து இறக்கவேண்டும்.

கூரைக்கு மேலிருந்த குற்றியைக் கப்பியில் இறக்கும்போது கயிறு அறுந்துவிட்டது. தடித்த, நல்ல கயிறுதான். பிழை எங்கே?
*கொந்தராத்துக்காரர், கல்முனை*

பெரும்பாலும் குற்றி விழுந்த தூரத்தில்தான். முதலில் பாரத்தைக் கணியுங்கள். பச்சை மரம் ஒரு கனமீற்றர் ஏறத்தாழ ஒரு தொன். சுற்றளவை நாடாவால் அளந்து 3.14 ஆல் பிரித்தால் விட்டம் வரும். 30 சென்ரிமீற்றர் விட்டம், ஒரு மீற்றர் நீளமென்றால் 70 கிலோ. 40 சென்ரிமீற்றர் என்றால் 125 கிலோ, 50 என்றால் 200 கிலோ. விட்டம் கொஞ்சம் கூட, பாரம் எப்படி ஏறுகிறது பாருங்கள். கண்மதிப்பு தவறுவது இங்கேதான்.

அடுத்தது கயிறு. 4 தொன்னில் அறும் என்று எழுதியிருந்தால், முடிச்சு விழுந்தவுடன் அதில் மூன்றிலொன்று போய்விடும். இறக்கும் வேலைக்கு எழுதிய பாரத்தில் பத்திலொன்றை, அதாவது 400 கிலோவை, எல்லையாக வையுங்கள். 200 கிலோ குற்றிக்கு அது தாராளம் என்று தோன்றும். மெதுவாக இறங்கினால் தாராளந்தான். ஆனால் நடுமரத்தை மேலிருந்து துண்டாக எடுக்கும்போது கப்பி வெட்டுக்குக் கீழே இருக்கிறது. குற்றி கவிழ்ந்து கப்பியையும் தாண்டி விழுந்த பிறகே கயிறு பிடிக்கும். அந்த இடத்தில் டக்கென்று நிறுத்தினால் இழுவை குற்றியின் பாரத்தில் ஐந்து மடங்கையும் தாண்டக்கூடும். கப்பி கட்டிய இடத்திலோ கயிற்றின் இரண்டு பக்கமும் சேர்ந்து இழுப்பதால் அங்கே அது ஏறத்தாழ இரட்டிக்கும். இரண்டு தொன். அதே மரத்தில்தான் உங்கள் ஆளும் கட்டப்பட்டிருக்கிறார். நடுவில் பொந்து இருந்து, நல்ல மரத்தின் தடிப்பு ஆரையில் மூன்றிலொன்றுக்கும் குறைவென்றால் அந்த மரத்தில் கப்பியே கட்டக்கூடாது.

குற்றியை அரை மீற்றராக வெட்டுங்கள். பாரமும் பாதியாகும், விழும் தூரமும் குறையும். கப்பியை வெட்டுக்கு எவ்வளவு கிட்டக் கட்டமுடியுமோ அவ்வளவு கிட்டக் கட்டுங்கள். வெட்டமுன் கயிற்றின் தொய்வை முழுக்க எடுத்துவிடவேண்டும். கீழே நிற்பவர் அடிமரத்தில் கயிற்றை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, கையுறையோடு நுனியைப் பிடித்து, குற்றி விழும்போது கயிற்றை ஓடவிட்டுப் படிப்படியாக இறுக்கவேண்டும். இந்த வேலைக்குப் புது ஆளை நிறுத்தாதீர்கள், ஏறுபவரின் உயிர் பாதி அவர் கையில். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்வதும், தரையில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் கால் வைப்பதும் கூடவே கூடாது.

படுத்த கொப்புக்கு வேறு கணக்கு. அடியில் மட்டும் கட்டினால் நுனி கவிழ்ந்து கூரை ஓடுகளை உடைக்கும். நுனியில் மட்டும் கட்டினால் அடி விழும். கூரைக்கு மேல் இரண்டு கயிறும் வேண்டும், பக்கவாட்டில் இழுக்க மூன்றாவதும். வெட்டும்போது முதலில் கீழிருந்து, தடிப்பில் நாலிலொன்று முதல் மூன்றிலொன்று வரை. வாளின் தகட்டை மரம் கடிக்கத் தொடங்கும்போதே நிறுத்துங்கள். பிறகு மேலிருந்து, கீழ்வெட்டுக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நுனிப்பக்கமாக. கீழ்வெட்டு இல்லாவிட்டால் கொப்பு முறியும்போது மரநார் உரிந்துகொண்டு நடுமரத்தில் கீழே ஓடும், உங்கள் அணைகயிறு சுற்றியிருக்கும் இடத்துக்கே வரும்.

வெட்டும்போது வாளிலிருந்து வரும் தூளைப் பார்த்துக்கொண்டிருங்கள். வெளிறிய, நார்நாரான துகள் வந்தால் மரம் நல்லது. கபில நிறமாக மாவைப் போல் கொட்டினாலோ வாள் திடீரென்று இலகுவாக ஓடினாலோ உள்ளே உக்கல். வாளை நிறுத்தி, அந்தக் கொப்புக்கு மேலே நல்ல மரத்தில் உங்கள் கயிறுகளை மாற்றிக் கட்டிய பிறகே தொடருங்கள்.

வண்டு விழுந்து மண்டை பட்டுப்போன தென்னை வீட்டருகே நிற்கிறது. ஏறித் தறிக்கலாமா?
*வாசகர், திருக்கோவில்*

மண்டை கழன்று விழுந்த தென்னையில் ஏறவேண்டாம். செவ்வண்டின் புழு தண்டின் உட்சோற்றைத் தின்றுவிடும், வெளியே ஓடு மட்டும் நிற்கும். தண்டில் ஓட்டை, மென்ற நார், வடிந்து காய்ந்த கபிலச் சாறு தெரிந்தால் மண்டை பச்சையாக இருந்தாலும் ஏறுவது ஆபத்து. ஆளை மேலே தூக்கும் பூம் பூட்டிய லொறி வளவுக்குள் வருமென்றால் அதுவே வழி. வராதென்றால், ஏணியில் நின்று நல்ல தண்டில் எட்டும் உயரத்தில் கயிறு கட்டி, மரத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு அப்பாலிருந்து இழுத்து விழுத்தவேண்டும். அதற்கு இடமும் வேண்டும்.

நல்ல தென்னையென்றால் முதலில் குலை, பிறகு மட்டை, பிறகு மண்டை, கடைசியாகத் தண்டைத் துண்டு துண்டாக. வேம்பு, புளியில் விழும் பக்கத்து வாய்வெட்டுக்கும் எதிர்ப்பக்கத்துப் பின்வெட்டுக்கும் நடுவே விட்ட மரம் கீல் போல மடங்கி திசை காட்டும். தென்னைத் தண்டில் அதை நம்பாதீர்கள். சுற்றில் இறுகிய நார், நடுவில் மெதுவான சோறு என்பதால் அந்தக் கீல் சட்டென்று அறும். திசையைக் கயிறுதான் காட்டவேண்டும். செயினும் சீக்கிரம் மழுங்கும், அரம் கையோடிருக்கட்டும்.

வாகைக் கொப்பொன்று கரண்ட் கம்பியில் உரசுகிறது. பிளாஸ்ரிக் கைப்பிடிக் கத்தியால் தட்டிவிடலாமா?
*வாசகர், அக்கரைப்பற்று*

வேண்டாம். பச்சைக் கொப்பு மின்சாரத்தைக் கடத்தும், மழை ஈரத்தில் இன்னும் மோசம். வீட்டுக்கு வரும் 230 வோல்ற்றே ஆளைக் கொல்லப் போதும். உயரக் கம்பத்தில் ஓடுவது 11,000 அல்லது 33,000 வோல்ற். அதைத் தொடவே தேவையில்லை, கிட்டப்போனாலே பாயும். உங்கள் உடம்போ கருவியோ வெட்டும் கொப்போ அதற்கு 3 மீற்றருக்குள் போகக்கூடாது. 1987 க்கு அழைத்து மின்வழங்கும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள், அல்லது பிரதேச அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மின் நிறுத்தும் நாளையும் நேரத்தையும் உறுதி செய்த பிறகே ஆளைக் கூப்பிடுங்கள். வீதியில் விளக்கு அணைந்திருப்பதை வைத்து மின் இல்லையென்று முடிவு செய்யவேண்டாம், நிறுத்திவிட்டோம் என்று அந்த நிறுவன ஊழியர் வந்து சொல்லவேண்டும்.

மேலே ஒருவர் காயப்பட்டால் எப்படி இறக்குவது? நாட்கூலிக்கு வந்த ஆளென்றால் நட்டஈடு உண்டா?
*வாசகர், களுவாஞ்சிகுடி*

கீழே நிற்பவர்களில் ஒருவருக்கு ஏறத் தெரிந்திருக்கவேண்டும். அவருக்கென்று இரண்டாவது ஹார்னஸும் கயிறும் வளவிலேயே இருக்கவேண்டும். காயப்பட்டவர் ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் இரத்தம் காலில் தேங்கி, நிமிடங்களிலேயே உயிராபத்து வரும். ஆகையால் 1990 அம்புலன்ஸுக்கு ஒருவர் அழைக்கும்போதே மற்றவர் ஏறத் தொடங்கவேண்டும். குளவி, பெருந்தேனீ உள்ள மரத்தில் இது நடந்தால் ஏறுபவரும் மாட்டிக்கொள்வார், அதனால் கூட்டை முன்னாலேயே தேடிப் பார்க்கவேண்டும். காலையில், காற்று எழமுன், மரத்தின் எல்லாப் பக்கமும் நின்று அண்ணாந்து பாருங்கள்.

நட்டஈட்டைப் பொறுத்தவரை, 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. நாட்கூலிக்கு ஆள் பிடித்த கொந்தராத்துக்காரர் அந்த ஆளுக்கு வேலைகொள்வோர்தான். "நானும் கூலிக்காரன்தானே" என்று கழன்றுவிட முடியாது. யார் எந்த நாளில் எங்கே வேலை செய்தார், என்ன கூலி என்று ஒரு கொப்பியில் எழுதிக் கையொப்பம் வாங்கிவையுங்கள். அந்தக் கொப்பி இல்லாததால் நியாயமான கோரிக்கையையும் நிரூபிக்க முடியாமற் போகிறது.

சொந்த வளவு மரத்துக்கும் அனுமதி வேண்டுமா? எந்த மாதத்தில் தறிப்பது நல்லது?
*வாசகி, வாழைச்சேனை*

பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றுக்கும் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும், சொந்தக் காணியானாலும் சரி. கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். மற்ற மரங்களுக்கும் தறிக்கமுன் அங்கேயே கேட்டுவிடுவது நல்லது.

மாதமென்றால் மாரிக்கு முன்பு. ஒக்டோபர் பிறந்து காற்றைக் கண்டபிறகுதான் எல்லாரும் ஆள் தேடுகிறார்கள். மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது 1978 நவம்பர் 23 இல், நமக்குப் பயமுள்ள மாதமும் அதுதான். அந்நேரம் பட்டை வழுக்கும், கரையோர மணலில் வேர் தளர்ந்திருக்கும், நல்ல ஆட்களும் கிடைக்கமாட்டார்கள். மாசி, பங்குனியில் வேலையை முடியுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தறிப்பதென்றால் விடிய ஏறி, காற்று எழும்பமுன் இறங்கிவிடவேண்டும். குற்றியை ஆலைக்கு ஏற்றுவதாக இருந்தால் வன இலாகாவின் போக்குவரத்து அனுமதியை லொறி வரமுன்பே கையில் எடுத்துவையுங்கள். தேக்கு, முதிரையில் இது கண்டிப்பு.