கருவுற்ற காலமும் நம்மைச் சூழ்ந்த நச்சுகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நச்சு எதுவும் குழந்தையைச் சேராதபடி நஞ்சுக்கொடி தடுத்துவிடும் என்கிறார் என் மாமியார். அது உண்மையா?

பதில்: மருத்துவர்களே ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். ஜப்பானின் மினமாட்டாவில் சிசோ நிறுவனத்தின் ஆலை கடலில் விட்ட கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் மீன்கள் வழியாக மனிதர்களைச் சேர்ந்து நோயை உண்டாக்கியது. 1956இல் அந்நோய் அதிகாரபூர்வமாகப் பதிவான பிறகும், தாய்க்கு அறிகுறி இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்க, அவர் பெற்ற குழந்தை கடுமையான மூளைப் பாதிப்புடன் இருப்பதற்கு அதே நச்சுதான் காரணம் என்பது 1962இல்தான் ஏற்கப்பட்டது. தொப்புள்கொடியை உலர்த்திப் பாதுகாத்து வைப்பது அங்குள்ள வழக்கம் என்பதால், பல ஆண்டுகளுக்குப் பின்னரும் அத்துண்டுகளில் பாதரசத்தை அளந்து பார்க்க முடிந்தது. மெத்தில் பாதரசம் தாயின் இரத்தத்தைவிடத் தொப்புள்கொடி இரத்தத்தில் அதிகமாகவே சேர்கிறது. ஈயமும் நஞ்சுக்கொடியைக் கடந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் மீனே சாப்பிடக் கூடாதா? பால் ஊறுவதற்குச் சுறாப்புட்டு தருவது எங்கள் வீட்டு வழக்கம்.

பதில்: மீனைக் கைவிட வேண்டாம், குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான கொழுப்பு அதில் இருக்கிறது. பிற மீன்களைத் தின்று நெடுநாள் வாழும் பெரிய மீன்களில்தான் பாதரசம் மிகுதியாகச் சேரும். அது சதையின் புரதத்தோடு பிணைந்திருப்பதால், தோலை உரித்தாலும் எவ்வளவு வேகவைத்தாலும் நீங்காது. நெத்திலி, மத்தி போன்ற சிறுமீன்கள் நல்லவை. கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சுறாவைச் சேர்த்திருக்கிறது. சிறிய சுறாவில் பாதரசம் குறைவாக இருக்கும் என்றாலும், அந்தப் புட்டை அடிக்கடி தருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: விறகடுப்பை விட்டு எரிவாயுவுக்கு மாறினால் குழந்தையின் எடை கூடுமா?

பதில்: இதற்கு நம் மண்ணிலேயே ஆய்வு நடந்திருக்கிறது. தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியான ஆய்வில், காற்றின் நுண்துகள் கூடக் கூடப் பிறப்பு எடை சற்றுக் குறைந்தது தெரியவந்தது. ஆனால் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளிலும் சேர்த்து 3200 பெண்களிடம் நடத்திய பெரிய பரிசோதனையில், எரிவாயு பெற்றவர்களுக்கும் விறகில் சமைத்தவர்களுக்கும் பிறந்த குழந்தைகளின் சராசரி எடையில் ஏறத்தாழ 20 கிராம் வேறுபாடே இருந்தது. அதைப் பொருட்படுத்தத்தக்க வேறுபாடாக ஆய்வாளர்கள் கொள்ளவில்லை. அடுப்பை மாற்றும்போது கரு ஏற்கெனவே சில மாதங்கள் வளர்ந்திருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எடைக்காக இல்லாவிட்டாலும், தாயின் நுரையீரலுக்காக மாறுங்கள் என்றே சொல்வேன்.

கேள்வி: மூத்த குழந்தையின் துணிகளை அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பிறக்கப்போகும் குழந்தைக்கு அவற்றைப் பயன்படுத்தலாமா?

பதில்: இவ்வளவு எளிதாகத் தவிர்க்கக்கூடிய இந்த ஆபத்தை நம் வீடுகளில் பலரும் அறியாமலிருப்பது எனக்கு வருத்தமே. பல அந்துருண்டைகளில் நாப்தலீன் இருக்கிறது. அது ஆவியாகித் துணியில் படிந்து, மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் உடலுக்குள் செல்கிறது. எண்ணெய் தேய்த்த உடம்பில் இன்னும் விரைவாக ஊடுருவும். ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு இது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையை உண்டாக்கும். அது முற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். இக்குறைபாடு பெரும்பாலும் ஆண் குழந்தைகளிடம் வெளிப்படும். பார்வைக்கு எதுவும் தெரியாது என்பதால், உங்கள் குழந்தைக்கு இல்லை என்று முன்கூட்டிச் சொல்லவும் இயலாது. பழைய துணி வேண்டும் என்றால், பிரசவத்துக்கு வெகு முன்பே எடுத்து, பலமுறை துவைத்து, வெயிலில் நாள்கணக்கில் காயவிடுங்கள். வாசனை மிச்சமிருந்தால் அத்துணியை ஒதுக்கிவிடுங்கள். குழந்தை இருக்கும் அறையிலும் அந்துருண்டை வேண்டாம்.

கேள்வி: பிரசவத்துக்குள் பழைய வீட்டின் கதவு, சன்னல்களுக்குப் புதுச் சாயம் பூச நினைக்கிறோம்.

பதில்: வீட்டுச் சாயத்தில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய பூச்சைச் சுரண்டும்போது எழும் தூசிதான் கவலைக்குரியது. வேலை முடிந்து, ஈரத்துணியால் தரையைத் துடைத்தெடுக்கும் வரை கருவுற்றவர் வேறு வீட்டில் இருக்கட்டும்.